கல்லூரி மாணவி கீதாவின் புகார்

சிலுவையம்மாளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் ஸ்டானிஸ்லாஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார். ராயபுரத்தில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது காற்றுதானா என்று ஒரு நிமிடம் மோந்து பார்ப்பார். பிறகு மூடிவிடுவார். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் கடைசி ஆறு வருடம் அந்த ஜன்னலைத் திறந்து மூடுவதிலேயே கழிந்தது.

அவர் காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். எந்த எஞ்சின் இருமினாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். மனைவியின் நெஞ்சில் காதை வைத்தபோது மட்டும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்தான் விளக்கினார். மூச்சுக்குழாய் சுருங்குகிறது. கையில் இருக்கும் இன்ஹேலர் பம்பு போதாது. மருந்தை ஆவியாக்கி மாஸ்க் வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் வீட்டில் இருந்தாக வேண்டும். அதுவும் போகிக்கு முன்னால்.

போகி என்றதும் ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம் தெருமுனையில் பழைய பாயோடு நாலு லாரி டயரையும் போட்டுக் கொளுத்தினார்கள். சிலுவையம்மாள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாக இரண்டு பேர். இன்னொரு பெண் மூன்றாம் நாள் கட்டிலை முழுவதுமாக அவளுக்கே விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

"இந்த வருஷமும் அப்படி ஒண்ணு வந்தா உடம்பு தாங்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

போகிக்கு ஒன்பது நாள் இருந்தது. மருந்துக் கடையில் மெஷின் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். வாங்கியிருப்பார். பக்கத்து வீட்டு ஜானட் தடுத்துவிட்டாள்.

"எண்ணூத்தி தொண்ணூத்தி ஒம்போதுக்கு மாஸ்க்கோட போன்லயே வருது, நீ இன்னாண்ணா கடைக்காரனுக்குக் கொட்டிக் குடுக்கப் போற? இப்டி குந்து."

'வாசப்படி' என்ற செயலியை அவள் திறந்தாள். 'உங்கள் வாசலில் எங்கள் வணக்கம்' என்று அது கைகூப்பியது. நெபுலைசர் படத்தைத் தொட்டதும் ஒரு கேள்வி வந்தது: விற்பனையாளர் எப்படி இருக்க வேண்டும்? கீழே மூன்று வட்டங்கள். சாதாரணம், இலவசம். நேர்மை, தொண்ணூற்றொன்பது ரூபாய். முழு நேர்மை, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மூன்றாவது வட்டத்தில் அவர்களே புள்ளி வைத்திருந்தார்கள்.

"இன்னாமா இது, நேர்மைக்குத் துட்டா?"

"ஒடம்பு சமாச்சாரம்ணா. இதுல போயி சிக்கனம் பாக்காத."

முழு நேர்மையே இருக்கட்டும் என்று விட்டார்கள். அடுத்த பக்கத்தில் வாசல் தொடும் கட்டணம் வந்தது. அதற்கடுத்த பக்கத்தில் துறைமுக மண்டலக் கட்டணம். பிறகு, வீடு மாடியில் இருப்பதால் படி ஒன்றுக்குப் பத்து ரூபாய். மொத்தம் பதினெட்டுப் படி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என ஸ்டானிஸ்லாஸ் வியந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 'பின்னால் சென்றால் பொருள் தீர்ந்துவிடும்' என்று சிவப்பில் மிரட்டியது. சிலுவையம்மாள் உள்ளே இருமினாள். ஜானட் முன்னாலேயே போனாள். கடைசியில் மேற்படி கட்டணங்களைக் கூட்டித் தந்ததற்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு கடிகாரம் நின்றது.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு.

"கடைய வுட மூணு ரூபா கம்மிண்ணா" என்றாள் ஜானட், குரல் உள்ளே போய்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. மேலே சிரிக்கும் நுரையீரல் இரண்டு வரைந்திருந்தது. உள்ளே சோப்பு டப்பா அளவில் ஒரு மோட்டார், பச்சை நிறத்தில் மெல்லிய குழாய், குழாயின் நுனியில் உருண்டையாக ஒரு கல். மாஸ்க் இல்லை. மருந்து ஊற்றும் கிண்ணம் இல்லை. ஸ்டானிஸ்லாஸ் எஞ்சின் தெரிந்தவர். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் கல்லைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

ஜானட்டின் புருஷன் பிராங்கிளின் எட்டிப் பார்த்தான். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவன்.

"ண்ணா, இது மீன்தொட்டி மோட்டாரு."

முப்பது வருடம் கடல் மீனோடு வாழ்ந்த மனிதரின் வீட்டுக்கு, மீன் மூச்சு விடுவதற்கான கருவி வந்திருந்தது. சிலுவையம்மாள் கட்டிலில் சாய்ந்தபடி குமிழிகளையே பார்த்தாள்.

"யோவ்... நான் இன்னா... வஞ்சிர மீனா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று முறை மூச்சு முட்டியது. அவள் சிரித்ததால் அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார். கடையில் ஒரு மெஷின்கூட இல்லை. போகி வருவதால் ஊரில் இருந்த மூச்சுக்காரர்களெல்லாம் வாங்கிப் போய்விட்டார்களாம். சரக்கு பொங்கல் கழித்து வரும். தண்டையார்ப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் என்று அலைந்தார். எல்லாக் கடைக்காரரும் பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள்.

போகிக்கு ஐந்து நாள்.

வாசப்படியில் புகார்களைக் கேட்க மகிழினி இருந்தாள். அவள் மனுஷி இல்லை, செயலிக்குள் பேசும் குரல். "உங்கள் குறையைத் தமிழில் கூறலாம்" என்று செய்தி வாசிப்பவளைப்போல் சொன்னாள்.

ஸ்டானிஸ்லாஸ் போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். "ஒரே கலீஜா கீதும்மா. பேஜாரா பூட்ச்சு. மெஷினு கேட்டா மீன்தொட்டி மோட்டாரு அன்ப்பிக்கீறீங்க."

மகிழினி சிறிது யோசித்தாள். "வணக்கம், காலேஜ் கீதா! கல்லூரி மாணவியர்க்கு எங்கள் சிறப்பு வாழ்த்துகள். நீங்கள் கேட்ட பேஜர் தற்போது விற்பனையில் இல்லை."

"கீதா இல்லம்மா. கலீஜ்! கலீஜா கீது!"

"நன்றி, கீதா. உங்கள் பெயர் இருமுறை உறுதி செய்யப்பட்டது."

அன்றிலிருந்து செயலியில் அவர் பெயர் கல்லூரி மாணவி கீதா. ஐம்பத்து நான்கு வயது ஸ்டானிஸ்லாஸின் நரைத்த மீசைப் படத்துக்குக் கீழே அது எழுதப்பட்டிருந்தது. பெயரைத் திருத்தக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்ட கீதாவின் கையெழுத்து வேண்டும்.

மறுநாள் காலையில் சிலுவையம்மாள்தான் வழி சொன்னாள். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நம்ம பாஷை... அவளுக்குப் புரில. நீ கோயில்ல... வாசகம் படிப்பியே... அந்தத் தமிழ்ல பேசு."

ஸ்டானிஸ்லாஸ் பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் படிப்பவர். கடற்கரையில் அவர் வாயிலிருந்து வருவதற்கும் பீடத்தின் பக்கத்தில் வருவதற்கும் சம்பந்தமே இருக்காது. சட்டையை மாட்டிக்கொண்டார், பொத்தான்களை ஒழுங்காகப் போட்டார், எழுந்து நின்றார்.

"இனிய குரலுடைய மகிழினியே, எங்கள் மன்றாட்டுக்குச் செவிசாய்த்தருளும். யாம் வேண்டியது சுவாசக் கருவி. எமக்கு வழங்கப்பட்டதோ மீன்தொட்டிக் கருவி. நோயுற்ற என் இல்லாளுக்கு இரங்கியருளும்."

"உங்கள் குறை தெளிவாகப் புரிகிறது" என்றாள் மகிழினி.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜானட் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸின் கண் கலங்கிவிட்டது. நான்கு நாளில் அவரைப் புரிந்துகொண்ட முதல் ஜீவன். அந்த நன்றியில் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். பழக்க தோஷம், மன்றாட்டை முறைப்படி முடித்தார்.

"இக்குறைகள் அனைத்தையும் உம் திருக்கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். ஆமென்."

"மிக்க நன்றி, கீதா. குறைகள் அனைத்தும் உங்களுடையவையே என்று நீங்கள் ஒப்புக்கொண்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது."

போகிக்கு நான்கு நாள். அன்று மாலை பம்பைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். எஞ்சின் டாங்க் காலியாவதைப் போன்ற சத்தம் வந்தது. வேறொன்று வாங்கி வைத்தார். ஆனால் இரண்டு முறை அடித்தும் அவளுக்கு இழுப்பு அடங்க இப்போது முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று அவருக்கே தெரியவில்லை.

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு, அதன் மேலிருந்த வாசப்படி முகவரியைத் தேடி ரயிலேறி மீஞ்சூர் போனார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கு. அதன் முகப்பில் பலூன் கட்டிய கண்ணாடி அறை. 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம். மகிழ்ச்சி நேரம்: 11 முதல் 1 வரை.' கதவில் ஒரு கேமரா. சிரித்த முகம் காட்டினால்தான் திறக்குமாம். ஸ்டானிஸ்லாஸ் பல்லைக் காட்டினார். 'புன்னகை பதிவாகவில்லை' என்றது. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை, "நான் இன்னா வஞ்சிர மீனா" என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. கதவு திறந்துகொண்டது.

உள்ளே மண்டல மகிழ்ச்சி அலுவலர் ஆறுமுகநயினார் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு மஞ்சள் பூ.

"கீதா வரவில்லையா?"

"கீதான்னு யாரும் இல்ல சார். நான் ஸ்டானிஸ்லாஸ். மெஷினு வாங்குனது நான்தான்."

"புகார் கீதாவுடையது. கீதா இல்லை என்றால் புகாரும் இல்லை. புகாரே இல்லாதபோது நீங்கள் எங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். நாங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, இதுவரை." ஆறுமுகநயினார் கனிவாகச் சிரித்தார். "உறவினர் வந்தால் மட்டும் விதியில் இடம் உண்டு. கீதாவுக்கு நீங்கள் என்ன வேண்டும்?"

ஸ்டானிஸ்லாஸுக்கும் சிலுவையம்மாளுக்கும் குழந்தை இல்லை. வேண்டாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை, கடைசியில் வேண்டுவதை விட்டுவிட்டார்கள். அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பொண்ணு சார்" என்றார்.

"உறவு: தந்தை" என்று எழுதிக்கொண்டார் ஆறுமுகநயினார். "கல்லூரியில் படிக்கும் பெண், பொருளை வாங்கும்போது இவ்வளவு அலட்சியமாக இருக்கலாமா?"

"சின்னப் பொண்ணு சார். அவளத் திட்டாதீங்க" என்றார் ஸ்டானிஸ்லாஸ், தன்னையறியாமல்.

அலட்சியம் நிரூபணமானதால் தந்தை விழிப்புணர்வு வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம். பிறகுதான் பொருளைப் பரிசோதிப்பார்கள். வகுப்பில் ஏற்கெனவே பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர் கையில் செல்போனுக்குப் பதிலாக வந்த செங்கல். ஒரு பெண்ணிடம் இடது கால் செருப்பு மட்டும் இரண்டு. 'நேர்மையற்ற விற்பனையாளர்களிடமிருந்து தப்புவது எப்படி' என்று பலகையில் எழுதியிருந்தது. பாடம் நடத்தியவரும் ஆறுமுகநயினார்தான்.

"பணம் கட்டுவதற்கு முன் கடைசித் தொகையைப் பாருங்கள். விற்பவர் முகவரியைப் பாருங்கள். வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்று படியுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். இவற்றையெல்லாம் செய்பவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்டவர்கள் எங்களிடம் வாங்குவதும் இல்லை." அவர் தண்ணீர் குடித்தார். "மறைமுகக் கட்டணம் என்கிறார்கள். எங்களிடம் எதுவும் மறைமுகம் கிடையாது. எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அங்கே வருவதில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்ய?"

செங்கல்காரர் கை தூக்கினார். "சார், ஏமாத்துறவங்கள நீங்களே தூக்கிட்டா இன்னா?"

"நல்ல கேள்வி. தூக்கிவிட்டால் மிஞ்சுபவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள். அப்புறம் முழு நேர்மைக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது யார் தருவார்கள்? உங்களுக்குத் தேர்வு செய்யும் உரிமை வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் மற்றவர்களையும் வைத்திருக்கிறோம்."

ஸ்டானிஸ்லாஸ் பாடத்தைக் கேட்கவில்லை. அலுவலரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் ஒருவன் சாக்குமூட்டைக்குள் கையை விட்டு மீன்தொட்டி மோட்டாரை எடுப்பதும், சிரிக்கும் நுரையீரல் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டுவதுமாக இருந்தான். ஒட்டும் முன் ஒவ்வொரு பெட்டியிலும் 'முழு நேர்மை' என்ற முத்திரையைக் குத்தினான்.

"சார், அங்க பாருங்க சார்! அதே மோட்டாரு!"

ஆறுமுகநயினார் திரும்பவில்லை. "அது விற்பனையாளர் பகுதி. வாடிக்கையாளர் பார்க்கக் கூடாது."

"கண்ணாடி சார். தெரியுது."

"வெளிப்படைத்தன்மைக்காகக் கண்ணாடி வைத்தோம். பார்ப்பதற்காக இல்லை."

பரிசோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மோட்டாரைச் செருகி, குழாயின் நுனியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார் ஆறுமுகநயினார்.

"நோயாளிக்கு என்ன வேண்டும்?"

"மூச்சு சார். காத்து வேணும்."

"இதிலிருந்து என்ன வருகிறது?"

ஸ்டானிஸ்லாஸ் பெட்டியின் மேலிருந்த நுரையீரல் படத்தைக் காட்டினார்.

"காற்று வருகிறது. கேட்டது காற்று, கொடுத்ததும் காற்று. பொருள் பொருத்தமானது." முத்திரை விழுந்தது. கூடவே ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். கல்லூரி மாணவி கீதா விழிப்புணர்வு பெற்ற வாடிக்கையாளர் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கத்தத் தெரியும். துறைமுகத்தில் அவர் கத்தினால் நான்கு படகு தாண்டிக் கேட்கும். ஆனால் குரல் கீழே இறங்கியது. "சார், நாளான்னைக்கு போகி. டயர் கொளுத்துவாங்க. என் பொண்டாட்டி செத்துப் பூடுவா சார்."

"அது வேறு துறை" என்றார் ஆறுமுகநயினார், மெய்யான வருத்தத்தோடு. "டயர் எங்களிடம் கிடையாது."

திரும்பி வரும் ரயிலில் அத்திப்பட்டு வந்ததும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அனல்மின் நிலையத்துப் புகை நேராக மேலே போகாமல், சாய்ந்து, தெற்கே ஊர் பக்கம் படுத்துப் போய்க்கொண்டிருந்தது. வாடைக்காற்று. ஸ்டானிஸ்லாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணூரில் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, காற்றைத் தொட்டுப் பார்த்தார். கையை உள்ளே இழுத்தபோது, புகை போகும் திசை தெரிந்தும் எதற்காக வாழ்நாள் முழுக்க அந்தக் கரையிலேயே நின்றோம் என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சான்றிதழைக் கட்டிலில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். 'உறவு: தந்தை' என்று சொன்னதோடு நிறுத்திவிட்டார். சிலுவையம்மாள் தங்க எழுத்தை விரலால் தடவினாள்.

"நமக்குப் பொண்ணு... பொறந்துகீது... நீ என்னாண்ட... சொல்லவேயில்ல?"

"காலேஜ் போற வயசுல பொறந்தாளாமே. அதான் லேட்டு." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளான்னைக்கு உன்ன ஒரு எடத்துக்கு இட்டுகினு போறேன். கேள்வி கேக்காம வா."

பிராங்கிளினிடம் படகு கேட்கும்போதுதான் அவருக்கு நாக்குப் புரளவில்லை. பெண்பிள்ளை படகேறினால் வலையில் மீன் படாது என்பது அங்கே ஒரு நம்பிக்கை. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"போகியன்னைக்கு எவன்ணா மீன் புடிக்கப் போறான்?" என்றான் பிராங்கிளின். "அப்டியே படலன்னாதான் இன்னா? ஒரு வாட்டி படல, அவ்ளோதான். டீசலு நான் போட்டு வெக்கிறேன். வாடைய எதுத்து ஏறி நில்லு. பொகை ஒன்னாண்ட வராது."

போகியன்று விடிவதற்கு வெகு முன்பே, முதல் போகிக் கொட்டுச் சத்தம் கேட்பதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கினார். காதை மூடித் துண்டு கட்டினார், மேலே இரண்டு போர்வை சுற்றினார். அவளோ கனமே இல்லாமல் இருந்தாள். துறைமுக வாயைத் தாண்டும்போதே அவளுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. பம்பை அடித்தார். எஞ்சினை முடுக்கினார். எஞ்சின் சத்தத்தையும் தாண்டி அவள் நெஞ்சின் விசில் அவருக்குக் கேட்டது. கரையில் ஒரு தீ தெரிந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. கறுப்பு எழுந்து, ராயபுரத்து வீடுகளையும் கோயில் கோபுரத்தையும் மூடி, தெற்கே சாய்ந்தது. அவர் வடகிழக்கே ஓட்டினார். "இதோ ஆச்சு, இதோ ஆச்சு."

நான்கு மைல் போய் எஞ்சினை நிறுத்தினார். அலை படகைத் தட்டும் ஓசை மட்டும் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் நகர்ந்து வந்து அவள் நெஞ்சில் காதை வைத்தார். விசில் இருந்தது. வெகுநேரம் இருந்தது. பிறகு கொஞ்சம் தூரத்தில் கேட்டது. பிறகு தேட வேண்டியிருந்தது.

"எவ்ளோ நேரம் இங்க இருக்கலாம்?" என்று கேட்டாள். அந்த நான்கு சொல்லும் ஒரே மூச்சில் வந்தன.

"காத்து மாறாத வரைக்கும்."

எப்போது மாறும் என்று அவருக்கும் தெரியாது. வெயில் ஏறினால் எதுவும் நடக்கலாம். மதியம் கரைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். புகை தெருக்களிலேயே தங்கியிருக்கும்.

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து போன் பேசியது.

"இனிய போகி வாழ்த்துகள், கல்லூரி மாணவி கீதா! எங்களிடம் வாங்கிய காற்றை அனுபவித்தீர்களா? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

ஸ்டானிஸ்லாஸ் போனைக் கடலில் எறியப் போனார். சிலுவையம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். விடிவெள்ளி மட்டும் மிச்சமிருந்தது.

"ஒண்ணு கீது" என்றாள்.

"நன்றி, கீதா. ஒரு நட்சத்திரம் மட்டும் தந்ததற்கான காரணத்தைக் கூறவும்."

அவள் போனை வாங்கித் தன் வாய்க்கு நேராகப் பிடித்தாள். வாடைக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மெதுவாக விட்டாள்.

"மன்னிக்கவும், கீதா. நீங்கள் கூறியது புரியவில்லை. மீண்டும் ஒருமுறை கூறவும்."

சிலுவையம்மாள் மீண்டும் ஒருமுறை மூச்சு விட்டாள்.